ஆறு வயது மகளுக்கு மறுபடியும் சிடி ஸ்கேன்: ஒத்துக்கொள்ளலாமா?

தளிர்க்கொடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு ஆறு வயது. முந்தாநாள் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள், நேற்று வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. லேசான காய்ச்சல், வாந்தியும் இருந்தது. குடல்வால் அழற்சியாக இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று டாக்டர் சொல்லி வார்டில் சேர்த்திருக்கிறார். அல்ட்ராசவுண்ட் எடுத்ததில் குடல்வால் கண்ணுக்கே படவில்லையாம். ரத்தத்தில் வெள்ளணுக்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. நாளைக் காலை இன்னொரு அல்ட்ராசவுண்ட், அதிலும் தெளிவு கிடைக்கவில்லை என்றால் சிடி ஸ்கேன் என்கிறார்கள்.

எங்கள் கவலை என்னவென்றால், போன வருடம் விளையாடும்போது உயரத்திலிருந்து விழுந்து தொடர்ந்து வாந்தி எடுத்ததால் அவளுக்குத் தலையில் ஏற்கெனவே ஒரு சிடி எடுத்தாயிற்று (ஒன்றும் இல்லை என்று வந்தது). அப்புறம் சளி, காய்ச்சல் என்று மார்பு எக்ஸ்ரேயும் எடுத்திருக்கிறோம். இதற்கு மேல் கதிர்வீச்சு வேண்டவே வேண்டாம் என்று என் கணவர் பிடிவாதமாக இருக்கிறார். எனக்கும் பயம்தான், ஆனால் குடல்வால் உள்ளே வெடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிய கதிர்வீச்சு உடம்பில் சேர்ந்துகொண்டே போகுமா? எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? இன்னொன்று, போன தடவை மார்பு எக்ஸ்ரே எடுத்தபோது அவளுக்கு ஈயக் கவசம் எதுவும் போடவில்லை, கேட்டதற்கு இப்போதெல்லாம் தேவையில்லை என்றார்கள். நான் சிறுமியாக இருந்தபோது இடுப்பில் போட்டுவிடுவார்கள் என்று நன்றாக நினைவிருக்கிறது. எது சரி? வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறான், ஸ்கேன் முடிந்து வந்து அவனைத் தூக்கினால் அவனுக்கு ஏதாவது ஆகுமா?

---

படிமப்பணி எழுதியது:

நான் குழந்தைகளுக்கு எக்ஸ்ரே, சிடி எடுக்கும் பிரிவில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எக்ஸ்ரேயோ சிடியோ எடுத்த குழந்தையின் உடம்பில் கதிர்வீச்சு எதுவும் தங்குவதில்லை. டார்ச்சை அணைத்ததும் அறையில் வெளிச்சம் இல்லாமல் போவதைப் போலத்தான், கருவி நின்ற அந்தக் கணமே கதிர்களும் இல்லை. தம்பியைத் தாராளமாகத் தூக்கலாம். ஊசி வழியாகக் கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் சிறுநீரக ஸ்கேன், எலும்பு ஸ்கேன் போன்றவை மட்டும் வேறு வகை. அவற்றில் பெரும்பாலும் டெக்னீசியம்-99எம் என்ற பொருளைப் பயன்படுத்துவார்கள், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகக் குறையும், சிறுநீரிலும் வெளியேறும். அப்படி எடுத்தால் என்ன கவனிக்க வேண்டும் என்று அவர்களே சொல்லி அனுப்புவார்கள். உங்கள் மகளுக்கு அது இல்லை.

அளவு பற்றி ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். மண், காற்று, விண்வெளி, உணவு என்று இயற்கையிலிருந்தே ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்புக்குக் கதிர்வீச்சால் வரும் பாதிப்பை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கிடைக்கிறது. ஒரு மார்பு எக்ஸ்ரே ஏறக்குறைய 0.02 மில்லிசீவர்ட், அதாவது இரண்டு மூன்று நாள் சும்மா இருந்தாலே கிடைக்கிற அளவு. அவளுடைய மார்பு எக்ஸ்ரேக்களை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதே இல்லை. தலை சிடி என்றால் சுமார் 2 மில்லிசீவர்ட். வயிற்று சிடி கருவியையும் அதில் வைக்கும் கதிர் அமைப்பையும் (செட்டிங்) பொறுத்து சில மில்லிசீவர்ட் வரும், பெரியவர்களுக்கான அமைப்பிலேயே எடுத்துவிட்டால் தேவைக்கு மேல் போய்விடும். நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஈயக் கவசத்துக்கு வருகிறேன், தினமும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. நீங்கள் சிறுமியாக இருந்தபோது போட்டதும் அன்றைய விதிப்படி சரி, இப்போது போடாததும் சரி. 1950களில் தொடங்கிய பழக்கம் அது. கதிர்வீச்சால் பிள்ளைகளின் விதைப்பை, சினைப்பை வழியாக அடுத்த தலைமுறைக்குப் பாதிப்பு போய்விடுமோ என்ற அச்சத்தில் வந்தது. மனிதர்களிடம் அப்படி ஒரு பரம்பரைப் பாதிப்பு கண்டறியப்படவே இல்லை. கருவிகளும் மாறிவிட்டன, ஒரு படத்துக்கு ஆகும் கதிர்வீச்சு அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் மிகவும் குறைந்துவிட்டது. அதோடு, மார்பு எக்ஸ்ரேயில் வயிற்றுக்குப் போய்ச் சேரும் கொஞ்சநஞ்சமும் பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே சிதறிப் போவது, மேலே போர்த்தும் ஈயத்தால் அதைத் தடுக்க முடியாது. இன்னும் மோசம், கவசம் நழுவிப் படத்துக்குள் வந்துவிட்டால் தானாக அளவை முடிவு செய்யும் கருவி "கதிர் போதவில்லை" என்று கூட்டிக் கொடுத்துவிடும், அல்லது பார்க்க வேண்டிய இடத்தை மறைத்து இன்னொரு படம் எடுக்க வைக்கும். இதையெல்லாம் பார்த்துத்தான் 2019-ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் வழக்கமாகக் கவசம் போடுவதை நிறுத்தச் சொன்னது, அடுத்தடுத்த வருடங்களில் பிரிட்டனும் மற்ற ஐரோப்பிய அமைப்புகளும் அதே முடிவுக்கு வந்தன.

ஆனால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கும் பெரியவர் கவசம் போட வேண்டும். படத்தால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை, குழந்தையின் உடம்பிலிருந்து சிதறி வருவது அவர்மேல் படும். கர்ப்பமாக இருப்பவர் உள்ளே நிற்கக் கூடாது, வேறு யாராவது நிற்கட்டும்.

---

நெடுவழி எழுதியது:

சகோதரி, உங்கள் கணவர் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று சிடி எடுத்த குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் மூன்று மடங்காகிறது என்று பிரிட்டனில் ஆராய்ச்சி செய்தே சொல்லியிருக்கிறார்கள். வளரும் பிள்ளைகளின் செல்கள் வேகமாகப் பிரிபவை, பெரியவர்களைவிட அவர்களுக்குப் பாதிப்பு அதிகம். அளவு குறைவு, இயற்கையிலேயே இருக்கிறது என்றெல்லாம் சொல்வார்கள், ஆனால் பாதுகாப்பான அளவு என்று ஒன்று உண்டு என யாரும் நிரூபிக்கவில்லை. எம்ஆர்ஐ கேளுங்கள், இல்லை என்றால் அது இருக்கும் இடத்துக்குப் போங்கள். சிடிக்குக் கையெழுத்து போடாதீர்கள்.

---

அளவுகோல் எழுதியது:

நெடுவழி, நீங்கள் சொல்லும் ஆராய்ச்சி 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மடங்கு என்பது அதில் உள்ளதுதான், ஆனால் பாதியை மட்டும் சொல்கிறீர்கள், அந்தப் பாதியைப் படித்துவிட்டு ஒரு தாய் நாளைக் காலை முடிவெடுக்கப் போகிறார் என்பதால் மீதியையும் எழுதுகிறேன். நான் மருத்துவ இயற்பியல் துறையில் இருக்கிறேன், ஸ்கேன் கருவிகளின் கதிர் அளவைச் சோதிப்பதும் குறைப்பதும்தான் என் வேலை.

1985-லிருந்து 2002 வரை பிரிட்டனில் 22 வயதுக்குள் சிடி எடுத்த ஏறக்குறைய 1,78,000 பேரைப் பின்தொடர்ந்து செய்த ஆராய்ச்சி அது. எலும்பு மஜ்ஜைக்குச் சுமார் 50 மில்லிகிரே (ஓர் உறுப்பு உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு) சேர்ந்தால் ரத்தப் புற்று வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகலாம், மூளைக்குச் சுமார் 60 மில்லிகிரே சேர்ந்தால் மூளைக் கட்டி வாய்ப்பு மூன்று மடங்காகலாம் என்றார்கள். அன்றைய கருவிகளில் மூளைக்கு அந்த அளவு வர இரண்டு மூன்று தலை சிடி போதும், மஜ்ஜைக்கு வர ஐந்திலிருந்து பத்து வரை வேண்டும். சரி, மூன்று மடங்கு என்றால் எதில் மூன்று மடங்கு? குழந்தைகளுக்கு இந்த நோய்கள் வருவதே மிக அரிது. அதனால் அதே கட்டுரை இன்னொரு கணக்கையும் சேர்த்தே சொன்னது: பத்து வயதுக்குள் தலை சிடி எடுத்த 10,000 குழந்தைகளில், அடுத்த பத்து வருடங்களில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்று, ஒருவருக்கு மூளைக் கட்டி. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியும் ரத்தப் புற்றுக்கு ஏறக்குறைய அதே அளவைத்தான் சொல்கிறது: இன்றைய சராசரி அளவில் ஒரு சிடி எடுத்த 10,000 பேரில் அடுத்த 12 வருடங்களில் ஒருவர் அல்லது இருவர்.

இந்த எண் பூஜ்யம் இல்லை, பூஜ்யம் என்று சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 10,000-ல் ஒன்று என்பது ஒரு வீட்டுக்குச் சின்ன எண். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தேவையே இல்லாமல் சிடி எடுத்தால் அது நிஜமான பிள்ளைகளின் எண்ணிக்கை. அதனால்தான் தேவையற்ற ஸ்கேனைத் தடுக்க வேண்டும் என்கிறோம். தேவையான ஸ்கேனையும் சேர்த்துத் தடுப்பதற்கு இது காரணம் ஆகாது.

குழந்தைகள் விஷயத்தில் நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் உறுப்புக்கு உறுப்பு மாறும். ஐநாவின் கதிர்வீச்சு அறிவியல் குழு 2013-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆராய்ந்த புற்றுநோய் வகைகளில் கால் பங்கில் குழந்தைகளுக்குப் பாதிப்பு தெளிவாகக் கூடுதல்: ரத்தப் புற்று, தைராய்டு, தோல், மார்பகம், மூளை. நுரையீரல் போன்ற சிலவற்றில் பெரியவர்களைவிடக் குறைவு. அப்புறம் உடம்பின் பருமன். தடிமனான உடம்புக்கு வைத்த அதே கதிரை ஒல்லியான உடம்புக்குக் கொடுத்தால் உள்ளுறுப்புகளுக்குப் போய்ச் சேரும் அளவு கூடிவிடும். 2001 வாக்கில் பல இடங்களில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களின் அமைப்பிலேயே சிடி எடுக்கிறார்கள் என்று ஆய்வுகள் அடுத்தடுத்து வந்து பெரிய பரபரப்பானது, 2008-ல் பிள்ளைகளுக்குக் கதிர் அளவைக் குறைக்கச் சொல்லும் 'இமேஜ் ஜென்ட்லி' இயக்கம் தொடங்கியதற்குப் பின்னணி அதுதான். குழந்தையின் எடையையும் பருமனையும் பார்த்து அமைப்பை மாற்றுவது இன்று அடிப்படை விஷயம்.

தளிர்க்கொடி, உங்கள் முக்கியமான கேள்வி, போன வருடம் எடுத்ததால் இப்போது எடுக்கக் கூடாதா என்பது. பெற்றோர்கள் மட்டுமில்லை, சில மருத்துவர்களும் இதில் குழம்புகிறார்கள். கதிர்வீச்சுக்கு ஒரு கோட்டா கிடையாது. தலை சிடியால் வந்த சின்ன அபாயம் வந்தாயிற்று, இன்றைக்கு ஸ்கேனை மறுத்தால் அது திரும்பிப் போகாது. நாளை எடுக்கப் போகும் சிடியால் கூடும் அபாயமும், முன்பு ஒன்றுமே எடுக்காத குழந்தைக்குக் கூடுவதும் ஒன்றேதான். ஆகவே போன வருடத்தை எண்ணாதீர்கள். நாளை இந்த ஸ்கேனால் அவள் சிகிச்சையில் எதாவது மாறுமா என்பதை மட்டும் கேளுங்கள்.

---

குழந்தைநலம் எழுதியது:

நான் குழந்தை மருத்துவர். நேரில் பார்க்காமல் உங்கள் மகளைப் பற்றி முடிவு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அங்கே முறையாகத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். குழந்தைக்குக் குடல்வால் சந்தேகம் என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட், தெளிவில்லை என்றால் சில மணி நேரம் வைத்துக் கவனித்து மறுபடி வயிற்றை அழுத்திப் பார்ப்பது, மறுபடி அல்ட்ராசவுண்ட். எடுத்த எடுப்பில் சிடிக்கு அனுப்பவில்லை என்பதே நல்ல அறிகுறி.

எம்ஆர்ஐ தாராளமாகக் கேளுங்கள். சாய ஊசி (படத்தில் உறுப்புகள் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) இல்லாமலே வேகமாக எடுக்கும் முறை குடல்வாலுக்கு உண்டு, கதிர்வீச்சும் இல்லை. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் எல்லா நேரத்திலும் கிடைக்காது, குழந்தை அசையாமல் படுத்திருக்கவும் வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகளில் சிலர் இருப்பார்கள், சிலரால் முடியாது. மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க முடியும் என்றால் அந்த மயக்கத்துக்கென்று தனி அபாயம் இருக்கிறது. எம்ஆர்ஐ தேடி இன்னொரு ஊருக்கு அலைவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், அதற்குள் குடல்வால் வெடித்தால் சீழ், நீண்ட நாள் மருத்துவமனை வாசம், சில நேரம் உயிருக்கே ஆபத்து. 10,000-ல் ஒன்று என்ற கணக்கோடு ஒப்பிடவே முடியாத அபாயம் இது. இரவு வலி திடீரென்று கூடினாலோ, வயிறு கல் போல இறுகினாலோ, அல்லது வலி சட்டென்று குறைந்து காய்ச்சல் ஏறினாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

சிடிதான் என்று முடிவானால் இரண்டு விஷயம் கேளுங்கள். குழந்தையின் எடைக்கு ஏற்ற அமைப்பில் எடுப்பீர்களா? ஒரே ஒரு தடவைதான் ஸ்கேன் செய்வீர்களா? ஏன் இரண்டாவது கேள்வி என்றால், சாய ஊசிக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று எடுக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. குடல்வாலுக்குப் பின்பு எடுக்கும் ஒன்றே போதும், இரண்டு எடுத்தால் கதிர்வீச்சு ஏறக்குறைய இரட்டிப்பு, புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை.

போன வருடத் தலை சிடியைப் பற்றியும் குற்ற உணர்ச்சி வேண்டாம். உயரத்திலிருந்து விழுந்து தொடர் வாந்தி என்றால் எந்த மருத்துவரும் யோசிக்கவே செய்வார். தலையில் அடிபட்ட 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2009-ல் ஒரு விதிமுறை வந்தது. நினைவு தடுமாறினால், மண்டை ஓட்டில் முறிவு தெரிந்தால் சிடி. வாந்தி, கடுமையான தலைவலி, சில நொடி மயக்கம் போல ஒன்று மட்டும் இருந்து பிள்ளை மற்றபடி நன்றாக இருந்தால் சில மணி நேரம் கவனித்துப் பார்க்கலாம். எதுவுமே இல்லை என்றால் சிடி வேண்டாம். இதை இங்கே படிக்கும் மற்ற பெற்றோர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் பிள்ளை விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே "எதற்கும் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுங்கள்" என்று எங்களிடம் கேட்பதும் பெற்றோர்கள்தான். சாதாரண சைனஸ் சளிக்கு எக்ஸ்ரே, நிமோனியா முழுக்கக் குணமான பிள்ளைக்கு "சரியாகிவிட்டதா பார்க்க" ஒரு எக்ஸ்ரே, இவற்றையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

---

மழைச்சாரல் எழுதியது:

என் மகனுக்குத் தலையில் நீர் கோத்ததால் பிறந்த சில மாதங்களிலேயே ஷன்ட் (அந்த நீரை வடிக்கும் குழாய்) வைத்தார்கள். ஒவ்வொரு தடவை தலைவலி, வாந்தி வந்தாலும் ஷன்ட் அடைத்துவிட்டதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டிய பிள்ளை அவன், அதனால் இந்தப் பயத்தோடே பல வருடம் வாழ்ந்தவள் நான். இப்போது அவனுக்குச் சில நிமிடங்களில் முடியும் வேக எம்ஆர்ஐதான் எடுக்கிறார்கள், மயக்கம் கூடத் தேவைப்படுவதில்லை. ஆனால் நள்ளிரவில் எம்ஆர்ஐ இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் சிடிதான், அதற்கு நான் ஒரு நொடி கூடத் தயங்க மாட்டேன், ஷன்ட் அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. படங்களைக் கையில் வைத்திருங்கள் தளிர்க்கொடி, ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடி தட்டோ பென்டிரைவோ வேண்டும். பிள்ளையை வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது பழைய படம் திறக்கவில்லை, கொண்டு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதே ஸ்கேனை மறுபடி எடுப்பது சர்வ சாதாரணமாக நடக்கிறது. மறுக்க வேண்டிய ஸ்கேன் என்றால் அதைத்தான் சொல்வேன்.

நெடுவழி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கையெழுத்து போடாதீர்கள் என்று இங்கிருந்து சொல்வது பெரிய பொறுப்பு.

---

நெடுவழி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். 10,000-ல் ஒன்று என்ற கணக்கு அதே கட்டுரையில் இருப்பது எனக்குத் தெரியாது, செய்தியில் மூன்று மடங்கு என்று மட்டும்தான் போட்டிருந்தார்கள். கையெழுத்து போட வேண்டாம் என்ற வரியை விட்டுவிடுங்கள் சகோதரி. பிள்ளை நலமாகட்டும்.

---

தளிர்க்கொடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவு முழுக்க இதையெல்லாம் கணவருக்குப் படித்துக் காட்டினேன். காலை அல்ட்ராசவுண்டிலும் குடல்வால் தெரியவில்லை, வலி மட்டும் கூடியிருந்தது. எம்ஆர்ஐ கேட்டோம், அவசரத்துக்கு அங்கே வசதி இல்லை என்று காரணத்தோடு சொன்னார்கள். சிடிக்குச் சம்மதித்தோம். குழந்தை அமைப்புதானா, ஒரு தடவைதானா என்று கேட்டதற்கு டெக்னீஷியன் முகம் சுளிக்கவில்லை, எடையைக் கேட்டுப் பதிவு செய்து திரையையே காட்டினார். பெருங்குடலின் தொடக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்ததாம் குடல்வால், வீங்கியிருந்தது, அதனால்தான் அல்ட்ராசவுண்டில் பிடிபடவில்லை. மதியமே துளை போட்டு அறுவை செய்து எடுத்துவிட்டார்கள், வெடிக்கவில்லை. இப்போது தூங்குகிறாள்.

ஒரு சந்தேகம் மட்டும். ரிப்போர்ட்டோடு கொடுத்த கதிர் அளவுத் தாளில் 3.2 மில்லிகிரே என்றும் பக்கத்தில் 32 செமீ என்றும் இருக்கிறது. அவள் வாங்கியது அவ்வளவுதானா?

---

அளவுகோல் எழுதியது:

வெடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள் என்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன்.

அந்த 32 செமீ அவளுடைய அளவு இல்லை. கருவிகளை ஒப்பிடுவதற்காக 32 செமீ விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் உருளையை வைத்துக் கணக்கிடும் எண் அது, ஏறக்குறைய ஒரு பெரியவரின் உடம்பு போல. ஆறு வயதுப் பிள்ளை அதைவிட மிகவும் ஒல்லி, ஆகவே அவள் உடம்புக்குள் சேர்ந்த அளவு தாளில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 6 மில்லிகிரே பக்கம் இருக்கும். பயப்பட வேண்டாம், இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டாலும் குழந்தைக்கு ஏற்ற அமைப்பில்தான் எடுத்திருக்கிறார்கள் என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது. போன வருடத் தலை சிடியின் தாள் கிடைத்தால் அதில் 16 செமீ என்று இருக்கும், எண்ணும் பெரிதாக இருக்கும். தலைக்கு வேறு உருளை, மண்டை ஓட்டைத் தாண்டிப் படம் எடுக்கக் கதிரும் கூடுதலாக வேண்டும், எனவே இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடவோ கூட்டவோ வேண்டாம். தாளைப் படங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.